தொப்பியும் திணையும்

நாவலில் ஒரு பாத்திரத்தை வாசகனுக்கு அறிமுகம் செய்து வைக்க எத்தனையோ வழிகள் உண்டு. மூக்கையும் முழியையும் வர்ணிக்கலாம். ஊரார் வாயால் நாலு வார்த்தை சொல்ல வைக்கலாம். ஒரு சின்னக் காரியத்தைச் செய்யவிட்டு, 'இவன் இப்படிப்பட்டவன்' என்று வாசகனே கண்டுகொள்ளும்படி விட்டுவிடலாம். இங்கிலாந்து எழுத்தாளரான ஜே. கே. ரௌலிங் அம்மையார் இவை எல்லாவற்றையும் விட எளிய வழி ஒன்றைக் கண்டார். ஒரு பழைய தொப்பியை எடுத்துப் பையன் தலையில் வைத்தார். தொப்பி வாயைத் திறந்து அவன் குணத்தைச் சொல்லிவிட்டது.

ஹாரி பாட்டர் என்ற பையனின் கதையை நம் வீட்டுக் குழந்தைகளில் பலர் படித்திருப்பார்கள். முதல் புத்தகம் 1997-லும், ஏழாவதும் கடைசியுமான புத்தகம் 2007-லும் வெளிவந்தன. குழந்தைகள் படிக்கிற புத்தகம்தானே என்று ஒதுக்கி வைத்திருக்கும் பெரியவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹாக்வார்ட்ஸ் என்று ஒரு மந்திரப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் 11 வயதில் அங்கே போய்ச் சேருகிறார்கள். முதல் நாள் இரவே, பள்ளிக்கூடம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு பிள்ளையையும் முக்காலியில் உட்கார வைத்துத் தொப்பியைக் கவிழ்க்கிறார்கள். தொப்பி அந்த மனசுக்குள் புகுந்து பார்த்து, நாலு இல்லங்களில் ஒன்றின் பெயரைக் கூவுகிறது. தைரியசாலிகளுக்குக் கிரிஃபிண்டார், உழைப்பும் விசுவாசமும் உள்ளவர்களுக்கு ஹஃபிள்பஃப், புத்திக்கூர்மை உள்ளவர்களுக்கு ரேவன்கிளா, எப்படியாவது மேலே போக வேண்டும் என்ற வேகமும் தந்திரமும் உள்ளவர்களுக்கு ஸ்லிதரின். அதற்குப் பிறகு ஏழு வருஷம் அந்த இல்லத்து மேஜையில்தான் சாப்பாடு. அந்த இல்லத்து அறையில்தான் தூக்கம்.

இங்கிலாந்துப் பள்ளிக்கதைகளில் இல்லம் என்பது புதிய விஷயம் அல்ல. தாமஸ் ஹியூஸ் 1857-ல் எழுதிய டாம் பிரவுன் கதையிலேயே அது வருகிறது. எனிட் பிளைட்டன் 1946-லிருந்து எழுதிய மாலரி டவர்ஸ் கதைகளில் நாலு கோபுரங்கள். கோபுரத்துக்கு ஒரு கூட்டம் பெண்கள். ஆனால் அங்கெல்லாம் இல்லம் என்றால் படுக்கிற இடம், அவ்வளவுதான். வடக்குக் கோபுரத்துப் பெண்கள் எல்லோரும் தைரியசாலிகள் என்று பிளைட்டன் சொல்லவில்லை. நம் ஊர்ப் பள்ளிகளும் இந்த ஏற்பாட்டை எடுத்துக்கொண்டு, சிவப்பு, நீலம் என்றோ, சேரன், சோழன், பாண்டியன் என்றோ பெயர் வைத்துக்கொண்டன. விளையாட்டு விழாவன்று கயிறு இழுப்பதற்கு அது போதுமானதாக இருந்தது. தங்கும் இடத்தைக் குணத்தின் பெயராக மாற்றியதுதான் ரௌலிங் செய்த காரியம். அந்த ஒரு மாற்றத்தில்தான் கதையின் கவர்ச்சி பாதி அடங்கியிருக்கிறது.

கவர்ச்சிக்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். தினசரிப் பத்திரிகையைக் கையில் எடுத்ததும் தலைப்புச் செய்திக்கு முன்னால் ராசிபலனைப் பார்க்கிற ஜனங்கள் நாம். 'நீ இன்னார்' என்று வெளியிலிருந்து ஒரு குரல் சொல்ல வேண்டும் என்பது மனிதனுக்குள்ள பழைய ஆசை. சொன்னது பொருந்தினால் ஒரு சந்தோஷம். பொருந்தாவிட்டால் வாதாடுவதில் இன்னொரு சந்தோஷம். பதினோரு வயதுப் பிள்ளைக்கு இந்த ஆசை இன்னும் அதிகம்.

தமிழுக்கும் இப்படி ஒரு தொப்பி உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில் மாணாக்கர்களைப் பிரித்திருக்கிறார். அன்னத்தையும் பசுவையும் போன்றவர்கள் முதல் தரம்: முன்னது பாலையும் நீரையும் பிரிக்கும், பின்னது வயிறு நிறைய மேய்ந்துவிட்டு, ஓரிடத்தில் படுத்து அசைபோடும். மண்ணையும் கிளியையும் போன்றவர்கள் நடுத்தரம்: மண் உழைத்த அளவுக்குத் தரும், கிளி சொல்லிக்கொடுத்ததை மட்டும் சொல்லும். ஓட்டைக் குடம், ஆடு, எருமை, பன்னாடை ஆகியவை கடைசித் தரம். ஆடு ஒரு செடியிலும் நிலைத்து மேயாது. எருமை குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிக்கும். பன்னாடை நல்லதைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் எத்தனை வருஷம் வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் இப்படி எழுத முடியும்!

பவணந்தியின் பிரிவினை தொப்பியின் பிரிவினையைக் காட்டிலும் கடுமையானது. தொப்பி நாலு அறைகளாகப் பிரிக்கிறது; இவர் மேல், நடு, கீழ் என்று படிக்கட்டே கட்டிவிடுகிறார். ஆனாலும் ஒரு நியாயம் செய்திருக்கிறார். அதே பாயிரத்தில் ஆசிரியர்களையும் தராசில் ஏற்றுகிறார். நல்லாசிரியனுக்கு நிலம், மலை, தராசு, மலர் ஆகியவற்றை உவமை சொல்கிறார். ஆசிரியராக இருக்கத் தகாதவனுக்கு, போட்ட வரிசையில் திரும்ப வராத கழற்சிக்காய்க் குடம், ஏறிப் பறிக்க விடாமல் தானாக விழுந்தால்தான் பழம் தரும் மட்டைப்பனை, சிரமப்பட்டுத் திணித்து, சிறிது சிறிதாகவே வெளியே எடுக்க வேண்டிய பருத்திக் குடுக்கை, ஒருவன் தண்ணீர் ஊற்ற இன்னொருவன் வீட்டில் காய் போடும் வளைந்த தென்னை. பனையையும் பருத்தியையும் பார்த்து வளர்ந்த எங்கள் திருவேங்கடம் பக்கத்துக்காரனுக்கு உரையாசிரியர் உதவியில்லாமலே இது விளங்கிவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள். மாணாக்கனுக்கு உவமையாக வரும்போது நடுத்தரமாக இருந்த அதே மண், ஆசிரியனுக்கு உவமையாகும்போது முதல் தரத்துக்கு வந்துவிடுகிறது. பொருள் ஒன்றுதான், நிற்கிற இடம் மாறியதும் மதிப்பும் மாறிவிட்டது. பவணந்தி இதை நினைத்துச் செய்தாரோ இல்லையோ, நாவல் எழுதுகிறவன் குறித்து வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

இனி ரௌலிங்கின் கதைக்கே வருவோம். தொப்பியின் தீர்ப்பு எங்கே அப்படியே பலிக்கிறதோ அங்கே கதை தட்டையாக இருக்கிறது. எங்கே பலிக்கவில்லையோ அங்கே உயிர் பெறுகிறது. டிராகோ மால்ஃபாய் என்ற பையனின் தலையில் தொட்டும் தொடாமலும் இருக்கும்போதே தொப்பி ஸ்லிதரின் என்று கத்திவிடுகிறது. புத்தகம் பல தாண்டும் வரை அவன் வெறும் போக்கிரிப் பையனாகவே வந்து போகிறான். நெவில் லாங்பாட்டம் அப்படி அல்ல. மறதிக்காரன், பயந்தாங்கொள்ளி. அவன் விஷயத்தில் தொப்பியே வெகுநேரம் தயங்கிவிட்டுத் தைரியசாலிகளின் இல்லத்தில் போடுகிறது. முதல் புத்தகத்தின் முடிவில் விரோதிகளை எதிர்த்து அல்ல, சொந்தச் சிநேகிதர்களை எதிர்த்து நிற்கிறான். கடைசிப் புத்தகத்தில் அந்தத் தொப்பிக்குள்ளிருந்தே வாளை உருவிப் பாம்பை வெட்டுகிறான். ஏழு புத்தகத் தூரம் நடந்து ஒரு பையன் தன் இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்த கதை அது.

எதிர்ப்புறத்திலும் பாருங்கள். பீட்டர் பெட்டிக்ரூவைத் தைரியசாலிகளின் இல்லத்தில்தான் தொப்பி போட்டது. அவன்தான் சிநேகிதனையும் அவன் மனைவியையும் சாவுக்குக் காட்டிக்கொடுத்தான். ஸ்நேப் தந்திரசாலிகளின் இல்லத்துக்காரர்; கதை முழுவதிலும் நெஞ்சழுத்தம் மிகுந்த காரியத்தை வெளியே சொல்லிக்கொள்ளாமல் செய்து முடித்தவர் அவர்தான். இத்தனை சின்ன வயசில் பிரித்து வைப்பது சரிதானா என்று தலைமையாசிரியர் டம்பிள்டோரே ஸ்நேப்பிடம் சந்தேகப்படுகிறார். 2003-ல் வந்த ஐந்தாவது புத்தகத்தில் தொப்பிக்கே அந்தச் சந்தேகம் வந்துவிடுகிறது. ஹாரியின் விஷயமோ இன்னும் வேடிக்கை. அவனை ஸ்லிதரினில் போடத்தான் தொப்பி யோசித்தது. அவன் வேண்டாம் வேண்டாம் என்று மனசுக்குள் மன்றாடியதால் மாற்றிக்கொண்டது. குணத்தைக் கண்டுபிடிக்கும் யந்திரம் என்று நாம் நினைத்திருந்தது, கடைசியில் விருப்பத்தைக் கேட்டுக்கொள்ளும் குமாஸ்தாவாக இருக்கிறது!

இ. எம். ஃபார்ஸ்டர் 1927-ல் நாவலைப் பற்றி எழுதிய புத்தகத்தில் பாத்திரங்களைத் தட்டை, உருண்டை என்று இரண்டாகப் பிரித்தார். நம்பும்படியாக நம்மை ஆச்சரியப்படுத்தக்கூடியது எதுவோ அதுதான் உருண்டைப் பாத்திரம் என்பது அவர் வைத்த பரீட்சை. ஆச்சரியப்பட வேண்டுமானால் முதலில் ஓர் எதிர்பார்ப்பு இருக்க வேண்டும் அல்லவா? அந்த எதிர்பார்ப்பை ஒரே நிமிஷத்தில் உண்டாக்கித் தருவதுதான் தொப்பியின் உபயோகம். நாவலாசிரியைக்கு அது நல்ல கருவி. அதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு ஆட்சேபமே இல்லை.

ஆனால் கடைசி யுத்தத்தில் ஓர் இடம் வருகிறது. எதிரி வாசலில் நிற்கிறான். ஹாரியைப் பிடித்துக் கொடுத்துவிடலாம் என்று ஒரு ஸ்லிதரின் பெண் சொல்கிறாள். அந்த இல்லத்தார் எல்லோரையும் மண்டபத்தை விட்டு வெளியே போகச் சொல்கிறார்கள். மற்ற மூன்று மேஜைகளிலும் சண்டையிடச் சிலராவது தங்குகிறார்கள்; ஸ்லிதரின் மேஜை அடியோடு காலியாகிவிடுகிறது. ஒரு பையன், ஒரு பெண் கூட உட்கார்ந்திருக்கவில்லை. அந்த இல்லத்து ஆசிரியர் ஸ்லக்ஹார்ன் பிறகு திரும்பி வந்து போரிடுகிறார் என்பது உண்மை. ஸ்நேப்புக்கு மன்னிப்பு உண்டு. ஹாரி தன் மகனுக்கே அவர் பெயரைச் சேர்த்து வைக்கிறான். தனி மனிதர்களை மன்னிக்கத் தெரிந்த ஆசிரியை, இல்லத்தை மன்னிக்கவில்லை. அந்தக் காலியான மேஜையில் ஒரே ஒரு பிள்ளையை, பெயர் கூடச் சொல்லாமல், உட்கார வைத்திருந்தால் ஏழு புத்தகங்களின் கனமும் கூடியிருக்கும் என்பது என் அபிப்பிராயம். அந்தப் பிள்ளைகளும் 11 வயதில் முக்காலியில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தவர்கள்தானே?

இதைப் படிக்கும்போது இங்கிலாந்து வாசகனுக்கு உறுத்துவதைவிட நமக்கு அதிகமாக உறுத்த வேண்டும். வீஸ்லி குடும்பத்துப் பிள்ளைகள் ஏழு பேரும் கிரிஃபிண்டாரில்தான் போய் விழுகிறார்கள். பிளாக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஸ்லிதரின். சிரியஸ் ஒருவன்தான் தப்பி வெளியே வந்தவன். பட்டீல் என்ற இந்தியப் பெயர் கொண்ட இரட்டைப் பெண்கள் இருவரை மட்டும் தொப்பி இரண்டு இல்லங்களுக்குப் பிரித்து அனுப்புகிறது. மற்றபடி, குணத்தைப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே தொப்பி அநேகமாகக் குலத்தையும் பார்க்கிறது. இந்த வியாபாரம் நமக்குத் தெரியாததா? குணத்தையும் தொழிலையும் பார்த்துத்தான் பிரித்தார்கள் என்று ஒரு வாதம் நம் தேசத்தில் நெடுங்காலமாக நடமாடுகிறது. பிரித்தவன் என்ன நினைத்துப் பிரித்தானோ, தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் தலையில் அந்தத் தொப்பி ஏறிவிட்டது. முக்காலியில் உட்கார்ந்து 'வேண்டாம், வேண்டாம்' என்று மன்றாடுவதற்கு ஹாரிக்குக் கிடைத்த அரை நிமிஷம் கூட அந்தக் குழந்தைக்குக் கிடைக்கவில்லை.

கம்பன் இந்தச் சிக்கலை நேருக்கு நேர் சந்தித்தவன். இலங்கையை ஒரு ஸ்லிதரின் என்று வைத்துக்கொள்ளுங்கள். விபீஷணனும் கும்பகர்ணனும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அண்ணன் செய்வது தவறு என்பது இருவருக்கும் தெரியும். இருவரும் அதை அண்ணன் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். ஒருவன் வெளியேறி ராமனிடம் போகிறான். மற்றவன் உண்ட சோற்றுக்காக, தோற்போம் என்று தெரிந்தே, களத்துக்குப் போகிறான். தம்பி வந்து அழைத்தும் வர மறுக்கிறான். இவனை எந்த இல்லத்தில் போடுவது? தைரியசாலி என்றா, விசுவாசி என்றா, தர்மம் தெரிந்தவன் என்றா, அதர்மத்தின் பக்கம் நின்றவன் என்றா? கம்பன் இருவரில் ஒருவரையும் சிறுமைப்படுத்தவில்லை. காலியாகாத மேஜை என்று நான் சொன்னது இதைத்தான்.

நம் பள்ளிக்கூடங்களுக்கு வருகிறேன். 2024-ல் தமிழக அரசுப் பள்ளிகளில் 'மகிழ் முற்றம்' என்ற பெயரில் மாணவர் குழுக்களை ஏற்படுத்தினார்கள். ஐந்து குழுக்கள், பெயர்கள் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. இந்தப் பெயர்களைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு ஒரு நமஸ்காரம். இவை குணத்தைச் சோதித்துப் பிரிக்கிற பெயர்கள் அல்ல. அப்படி ஆக்க நினைத்தாலும் ஆகாத பெயர்கள்.

ஏன் என்றால், தொல்காப்பியர் வகுத்த திணை ஆளைப் பிரிப்பதற்காக ஏற்பட்டதே அல்ல. குறிஞ்சி கூடுவது; பாலை பிரிவது; முல்லை காத்திருப்பது; நெய்தல் இரங்குவது; மருதம் ஊடுவது. 'இவள் முல்லைப் பெண், இவள் நெய்தல் பெண்' என்று அகத்திணை பெண்ணின் மேல் முத்திரை குத்துவதில்லை. மலைச்சாரலில் அவனைச் சந்தித்தபோது குறிஞ்சியில் இருந்தவள்தான், அவன் போனபின் மழைக்காலத்து மாலையில் முல்லையில் இருக்கிறாள். அவன் வேறொருத்தி வீட்டுக்குப் போய்வந்தால் மருதத்தில் சண்டை பிடிக்கிறாள். ஒரே மனசு ஐந்து நிலத்திலும் குடியிருக்கிறது. அதற்கும் மேலே, அகப்பாட்டில் வருகிறவர்களுக்குப் பெயர் சூட்டக் கூடாது என்று விதி வேறு செய்தார்கள். திணை மயக்கம் என்று கலப்புக்கும் இடம் விட்டு வைத்தார்கள். 'நீ யார்?' என்று தொப்பி கேட்கிறது. 'நீ இப்போது எங்கே இருக்கிறாய்?' என்று திணை கேட்கிறது. நாவலாசிரியனுக்குப் பிரயோஜனப்படும் கேள்வி இரண்டாவதுதான்.

பாலைக்கு நிலமே கிடையாது என்பதைக் கவனித்தீர்களா? தொல்காப்பியர் அதற்கென்று ஒரு நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் மழையின்றி வாடும்போது பாலை என்று ஆகின்றன என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. முன்பு சங்கரன்கோவில் வட்டத்திலும், இப்போது தென்காசி மாவட்டத்தில் தனி வட்டமாகவும் இருக்கும் திருவேங்கடத்தைச் சித்திரை மாசத்தில் வந்து பாருங்கள். கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வெடிப்புக்குள் கன்றுக்குட்டியின் கால் போய்விடும். வெளியூர்க்காரன், 'இது பாலைதான்' என்று எழுதிக்கொண்டு பஸ் ஏறிவிடுவான். ஐப்பசி மழை நாலு நாள் விழட்டும். அதே மண் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. கார்த்திகையில் உளுந்தும் கம்பும் பருத்தியும் பச்சை கட்டி நிற்கும். சித்திரையில் பார்த்தவன் சொன்னது பொய்யா? பொய் இல்லை. ஆனால் மண்ணைப் பற்றிச் சொன்னதாக அவன் நினைத்துக்கொண்டது, மாசத்தைப் பற்றிச் சொன்னது.

தற்காலத் தமிழ்க் கதைகளில் நல்லவை எல்லாம் இந்த உணர்வோடு எழுதப்பட்டவைதான். எங்கள் கரிசல் சீமைக்காரரான கு. அழகிரிசாமி 'ராஜா வந்திருக்கிறார்' என்று ஒரு கதை எழுதினார். பணக்காரப் பையன் ஒருவன், தன் வீட்டுக்கு ராஜா வந்திருப்பதாகப் பெருமை பேசுகிறான். ஏழை வீட்டுப் பெண் மங்கம்மாளும் தன் வீட்டுக்கு ராஜா வந்திருப்பதாகச் சொல்கிறாள். அவள் சொல்கிற ராஜா, தீபாவளிக்கு முந்தின இரவு தெருவிலிருந்து வந்து சேர்ந்த அநாதைப் பையன். பெயர் மட்டும் ராஜா. 'ராஜா' என்ற தொப்பி அந்த அழுக்குத் தலையில் உட்கார்ந்ததும் இரண்டு வீடுகளின் தராதரமும் ஒரு கணம் தலைகீழாகிறது. ஜெயகாந்தன் 1970-ல் வெளியான தம் நாவலுக்கு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்று பெயர் வைத்தார். மனிதர்களுக்கு முன்னால் நேரங்களை வைத்த அந்தத் தலைப்பு, திணை இலக்கணத்தின் தற்கால உரை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிள்ளைகள் ஹாரி பாட்டர் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் படிக்கட்டும். எந்த இல்லம் என்று தங்களுக்குள் வாதாடட்டும். அது நல்ல விளையாட்டு. பயமெல்லாம் பெரியவர்களைப் பற்றித்தான். சுற்றுக் கிராமங்களிலிருந்து ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டு ஆறாம் வகுப்புக்குத் திருவேங்கடம் வருகிற பிள்ளைக்கும் வயது 11-தான். முதல் பரீட்சை முடிந்த வாரத்திலேயே 'மக்கு', 'வால்', 'தேறாத கேஸ்' என்ற தொப்பிகள் வகுப்புக்குள் பறக்கத் தொடங்குகின்றன. பத்தாம் வகுப்பு மார்க்கைப் பார்த்து, ஃபர்ஸ்ட் குரூப், மூன்றாவது குரூப் என்று இன்னொரு தொப்பி. சொன்னவருக்கு மறுநாள் மறந்துவிடுகிறது. போட்டுக்கொண்ட பிள்ளை, பொருந்தாத தொப்பிக்குத் தகுந்தபடி தலையைச் சரிசெய்துகொள்ளப் பார்க்கிறது. ஓட்டைக் குடம் என்று பெயர் வாங்கியவன் தண்ணீர் எடுக்கப் போவதையே விட்டுவிடுகிறான். நெவிலுக்கு ஏழு புத்தகம் அவகாசம் கொடுத்த ரௌலிங் அம்மையாரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த அவகாசத்தைத்தான், தொப்பியை அல்ல.

பள்ளிச் சுவரில் பாலை என்று எழுதிய பலகையின் கீழே ஒரு பையன் நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் குழுவின் பெயர் அது. அவன் பெயர் அல்ல. வாத்தியார் இந்த வித்தியாசத்தை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால், ஐப்பசி வரும்போது அவனிடம் என்ன முளைக்கிறது என்று பார்க்கலாம்.